சீனி இல்லட்டி, சக்கரை

ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார வைக்கிற ரகம். நானே செய்தது, இன்றைக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப் போகிறேன். ஆனால் இப்போது சொல்லமாட்டேன், பொறுக்க வேண்டும், ஏனென்றால் முதலில் இந்த இறாலை உரித்தாக வேண்டும், மணி ஆறேகால், அவன் ஏழு மணிக்கு வந்துவிடுவான். அவன் என்றால் எட்வின் அத்தான், என் அக்கா டெல்பினைக் கட்டியவன். அவர்னு சொல்லுட்டி என்பாள் அம்மா. மனசுக்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள், மனசுக்குள் அவன் அவன்தான். தலையைத் திருகு, ஓட்டைக் கழற்று, முதுகில் கத்தியால் ஒரு கீறு, உள்ளே ஓடும் கறுப்பு நூலை நுனியில் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு இறால். அவன் தலை. அடுத்த இறால். அதுவும் அவன் தலை. ஒரு கிலோவில் எத்தனை எட்வின் என்று எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்தேழில் விட்டுப்போனது, ஹாலில் அந்தச் சத்தம். டக். அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். யாருடைய சட்டைக்கு? அவனுடைய சட்டைக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னால் காரில் கொண்டுவந்து அவளை வாசலில் இறக்கிவிட்டு, அம்மா போட்டுக்கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே, மூக்கால் சொன்னான், “பேசிக்கா என்னன்னா அத்தை, டெல்பினுக்குச் சமையல் வரல. எங்கம்மாவுக்கு அவ கை ருசி ஒத்துக்கல. கொஞ்ச நாள் உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டு வரட்டும்.” என்னவோ டியூஷனில் சேர்த்துவிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை, இதே தூத்துக்குடிதான், பைக்கில் இருபது நிமிஷம், ஒரு போன் கிடையாது. ஆனால் சனிக்கிழமையானால் ஆட்டோவில் ஒரு பை வரும். அழுக்குச் சட்டை. அவன் அம்மா மேபல் அத்தைக்கு முட்டி வலியாம், துவைக்க முடியாதாம். பெண்டாட்டி வேண்டாம், அவள் தேய்த்த காலர் மட்டும் வேண்டும். அக்காவும் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போன சனிக்கிழமையும் இன்றைக்குக் காலையிலும் ஆட்டோக்காரரை வெறும் பையோடு அனுப்பினாள், “இன்னும் காயல அண்ணாச்சி”, காயவில்லையாம், மார்ச் மாச வெயிலில், உப்பே காய்கிற ஊரில், அவ்வளவு மெதுவாகத் துவைக்கிறாள் போல, காலரைத் தடவித் தடவித் துவைக்கிறாள் போல. டக். என் கையில் ஒரு இறால் நசுங்கியேவிட்டது. அவன் இன்றைக்கு வந்து “வா” என்று ஒரு சொல் சொன்னால் இவள் எழுந்து போய்விடுவாளோ, அதுதான் என் பயம், அந்தப் பயத்துக்குத்தான் இவ்வளவு கோபம்.

கழுவுகிறேன். மூணு தண்ணி. மஞ்சள்தூள், உப்பு, மிளகாய்த்தூள், பிசறி மூடி வைக்கிறேன், கால் மணி ஊறினால் போதும். நகக்கண்ணில் மிளகாய் எரிகிறது, எரியட்டும். இந்தத் தெருவில் பாதிப்பேர் என் வாயில்தான் குடியிருக்கிறார்கள். ஜூடித் இருக்காளா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு எதிர் வீட்டு டீச்சர் குரலில் “இல்லையே” என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறேன். பங்குச் சாமியார் மைக்கில் மூச்சு வாங்கிக்கொண்டே “அன்பார்ந்த இறைமக்களே” என்பது, பிசிக்ஸ் மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு “பதினாறு வயசாகுது, பால்வாடி மாதிரி சிரிக்கிற” என்பது, தோணியில் மாலத்தீவுக்குப் போயிருக்கிற அப்பா போனில் “அலோ, அலோ, கேக்குதா” என்று கடலையே கூப்பிடுவது, எல்லாம் வரும். “வாயை வச்சிக்கிட்டு சும்மா இருட்டி” என்று அம்மாவைப் போலவே சொல்வேன், அம்மாவே ஒருநாள் யாரோ தன்னை அதட்டுகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அம்மா இப்போது கோவிலில், சனிக்கிழமை சாயந்திரப் பூசை, ஏழரைக்குத்தான் வருவாள், வந்தால் “மாப்பிள்ளை, மாப்பிள்ளை” என்று உருகுவாள், அதற்குள் முடிக்க வேண்டும். இந்த வித்தையை எனக்கு முதலில் காட்டியது அக்காதான். அவளுக்குப் பன்னிரண்டு, எனக்கு அஞ்சு, போர்வைக்குள் படுத்துக்கொண்டு சாமியார் குரலில் எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பாள், “மகளே, ஐஸ் எத்தனை தின்றாய்?” நான் அழுதுகொண்டே மூணு என்பேன். கல்யாணமான பிறகு அவள் ஒரு குரலும் எடுத்ததில்லை. தன் குரலையே எடுப்பதில்லை. இந்த ரெண்டு மாசமாக நான் யார் யாரையோ செய்து காட்டினேன், ஒன்றுக்கும் அசையவில்லை, மேபல் அத்தையை எடுத்தபோது மட்டும் தலையைத் தூக்கினாள். மேபல் அத்தை மெட்ராஸ்காரி. எதைத் தொடங்கினாலும் தொண்டையில் ஒரு “ஆங்” போட்டுக்கொள்வாள், “ஆங்... அதான் நான் சொல்றேன்ல.” நான் அவளைப் போல, “ஆங், டீல சீனி கம்மி டெல்பின்” என்றேன். அக்கா சிரிக்கவில்லை. டீச்சர் மாதிரி திருத்தினாள். “சீனி இல்லட்டி, சக்கரை. அவுக வாயில சீனின்னு வராது. நடுவுல ர் போடாத. கடைசியில இழுக்காத. சக்கரை.” அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கையில் மயிர் குத்திட்டது, எட்டு மாசம் கூட இருந்தவள், காதில் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள், “எட்வின்னு கூப்பிடமாட்டாவ. எட்டு. கோவம் வந்தா எட்டுக்குட்டி.” கோபம் வந்தால் எட்டுக்குட்டி! நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சரி, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், முழுசாக இல்லை. இன்றைக்கு நாலு மணிக்கு டியூஷன் முடிந்ததும் கூடப் படிக்கிற ஷைனியிடம் போனை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்று அவன் நம்பரைப் போட்டேன். “ஆங்... எட்டு, அம்மா பேசுறேன். டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன், இது பக்கத்துல இருக்கிற அம்மா போனு, என் போனை ரிப்பேருக்குக் குடுத்துட்டேன், கூப்புடாதே.” மேபல் அத்தை முட்டியைக் காட்ட வியாழக்கிழமையே மெட்ராஸ் போய்விட்டாள் என்று அக்கா சொல்லியிருந்தாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரும் கேட்காமலே. “அந்தப் பொண்ணு வீட்டுக்கு இன்னைக்கே போ. சக்கரை போட்டு இறால் செய்வாளே, அதைச் சாப்புடு. நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லு. சொல்லிட்டுக் கூட்டிட்டு வா.” அந்தப் பக்கம், ஐயோ, அந்த மூக்குக் குரல் எங்கே போனது, அஞ்சாங்கிளாஸ் பையன் குரல், “ஏன்மா, நீதானே ஒத்துக்கலன்ன?” நான் ஒரு மூச்சு விட்டேன். “எட்டுக்குட்டி.” அவ்வளவுதான். “சரிம்மா, சரி, சரி, ஏழு மணிக்குப் போறேன்.” பேசிக்கா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை! அஞ்சு நிமிஷத்தில் அக்கா போனுக்குச் செய்தி வந்திருக்கிறது, ஏழு மணிக்கு வர்றேன், டின்னர் அங்கேதான் என்று. நான் வீட்டுக்கு வந்தபோது அவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள், “அத்தான் வாராவ. நீ இறால் செஞ்சிரு, எனக்குத் தேய்க்கிற வேலை கிடக்கு” என்றாள், அவ்வளவுதான், ஏன், எதற்கு, திடீரென்று என்ன, ஒன்றும் இல்லை. இறாலும் தயாராக இருந்தது, காலையிலேயே ஒரு கிலோ வாங்கி ஐஸில் போட்டிருந்தாள், மூணு பேருக்கு ஒரு கிலோ எதற்கு என்று கேட்டதற்கு விலை குறைவாக இருந்தது என்றாள். என் அதிர்ஷ்டம். திட்டம் இதுதான், எதைத் துப்பினானோ அதையே தின்று, நல்லா இருக்கு என்று அவன் வாயாலேயே சொன்ன அந்த நொடியில், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து நான், “ஆங்...” இதுதான் சிரிப்பா என்றால், பொறுங்கள், இன்னும் வேகவில்லை.

சீனிச்சட்டி அடுப்பில் ஏறிவிட்டது. வாணலியைத்தான் எங்கள் ஊரில் சீனிச்சட்டி என்போம், அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதற்கு நான் போக விரும்பவில்லை. நல்லெண்ணெய். எண்ணெய் காய்ந்ததும் ரெண்டு கரண்டி சீனி நேராக எண்ணெயிலேயே. கிண்டக் கூடாது, பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்த ருசி இது, உறைப்பும் இனிப்பும் நாக்கில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், அவசரத்துக்குச் செய்வது, பத்து நிமிஷம். வெள்ளையாகக் கிடந்தது விளிம்பில் இளகுகிறது, தேன் நிறம், இன்னும் கொஞ்சம், புதுத் தாலிச் சங்கிலி நிறம், இதற்குமேல் ஒரு நொடி போனால் கசப்பு, இப்போது சின்ன வெங்காயம், சடசடவென்று சீறுகிறது, பூண்டு, கறிவேப்பிலை, அன்றைக்கும் அக்கா இதேதான் செய்தாள். கிறிஸ்மஸ் லீவில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். ஒரு இறாலை வாயில் போட்டான், மென்றான், உள்ளங்கையில் துப்பினான். “இறால் அல்வா” என்றான். மேஜை முழுக்கச் சிரிப்பு. அக்கா கரண்டியோடு நின்றாள், “கொஞ்சம் சீனி போட்டிருக்கேன்” என்றாள். வெங்காயம் சுருங்குகிறது, இப்போது மிளகாய்த்தூள், இப்போது புளித்தண்ணி, ரெண்டு விரலால் நுணுக்கிய மாசிக் கருவாடு, உடனே அவன் எழுந்து நின்று ஒரு துண்டை முந்தானை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, “சீஈஈனி போட்டிருக்கேன், சீனிச்சட்டியில சீஈஈனி போட்டிருக்கேன், நல்லாருக்காங்க?” பிறகு தன் குரலில், “பேசிக்கா இவங்க ஊர்ல சட்டியிலகூடச் சீனி.” அவர்கள் சிரித்தார்கள். மேபல் அத்தை சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், உதட்டால் மட்டும். அவ்வளவுதான். அதோடு கதை முடிந்தது. புளி கொதிக்கிறது, வாசனை மேலே வருகிறது, அதோடு முடிந்தது என்றுதான் ஷைனியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். முடியவில்லை. அவன் நன்றாகச் செய்தான். அதுதான் விஷயம். அந்த ‘சீ’யை அக்கா எந்த இடத்தில் இழுப்பாளோ அதே இடத்தில் இழுத்தான், கடைசியில் அவள் குரல் இறங்குமே, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அதையும் இறக்கினான், இந்த வேலை தெரிந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும், எனக்கு வாயில் தண்ணி புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக. மேஜை அடங்கிய பிறகும் என் சிரிப்பு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை அந்தப் பார்வையில், பிறகு போய் எல்லோருக்கும் ரசம் கொண்டுவந்தாள்.

இறாலைக் கொட்டுகிறேன். சாம்பல் நிறம் சிவக்கிறது, நிமிர்ந்து கிடந்தது முதுகை வளைக்கிறது, பாதி வளைந்தால் பதம், முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். டக் சத்தம் நின்றுவிட்டது. அக்கா உள்ளே வருகிறாள், ஈர முடி, மஞ்சள் சுடிதார், கையில் நீலப் பை, ஜிப் இழுத்து மூடியிருக்கிறது. “ஏட்டி, உப்பு பாத்தியா?” “அது என்ன பை?” “துணி.” “யார் துணி?” “துணிட்டி. துணியில என்ன யார் துணி?” விரலால் தொட்டு நக்குகிறாள், கண்ணை இடுக்குகிறாள், “இன்னும் ஒரு துளி சீனி போடு. நாக்குல நிக்கணும்.” “அக்கா, நீ போயிருவியா?” “அடுப்பப் பாரு, ரப்பராயிரும்.” “அவன் கூப்பிட்டா போயிருவியான்னு கேக்கேன்.” “அவன் இல்லட்டி, அவரு” என்றாள், அம்மாவைப் போலவே சொன்னாள், பையைக் கொண்டுபோய் வாசல் பக்கத்துச் சுவரில் சாத்தி வைத்தாள். போய்விடுவாள். தலைக்குக் குளித்ததற்கும் இதற்கும் சரியாக இருக்கிறது. நான் முட்டாள், நானேதான் ஷைனி போனில் நின்று கூட்டிட்டு வா என்று சொன்னேன், சாப்புடு, நல்லா இருக்குன்னு சொல்லு என்பதோடு நிறுத்தியிருக்கலாம், குரல் நன்றாக வந்துவிட்டது என்ற கொழுப்பில் கூட்டிட்டு வா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, இவள் அதை நிஜம் என்று நினைத்துப் பையைக் கட்டிவிட்டாள், மாமியார் மனசு மாறிவிட்டது என்று நினைத்துக் கட்டிவிட்டாள், நான் அவன் பின்னால் நின்று ஆங் என்று சொன்னால் அவன் முகம் மட்டுமா விழும், இவள் முகமும் விழுமே. சொல்லாவிட்டால் போய்விடுவாள். சொன்னால் உடைந்துவிடுவாள். அங்கே போய்த் திரும்பவும் சீனி போடாமல் சமைப்பாள், சனிக்கிழமை சட்டை துவைப்பாள். அடுப்பை அணைக்கிறேன், கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டுகிறேன், ஒரு தட்டு போதும், நாலு தட்டுகிறேன். பைக் சத்தம்.

டீ சர்ட்டில் வந்திருக்கிறான், ஏதோ மாரத்தான் ஓட்டத்துக்குக் கொடுத்தது, வயிற்றில் இறுக்கிப் பிடிக்கிறது, போட்டுக்கொள்ள ஒரு சட்டை மிச்சமில்லை போல. “ஹாய் டெல்பின். ஜூடி, எக்ஸாம்லாம் எப்படி?” “போய்ட்டு இருக்கு அத்தான்.” உட்காருகிறான். அக்கா சோறு போடுகிறாள், இறால் போடுகிறாள், நான் அவன் முதுகுக்குப் பின்னால், அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் என் தட்டோடு. முதல் இறாலை மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தான். மென்றான். விழுங்கினான். “சூப்பர்” என்றான் தட்டைப் பார்த்து. “கேக்கல” என்றாள் அக்கா. “நல்லா இருக்குன்னேன். பேசிக்கா இந்த ஸ்வீட்டும் காரமும்... நல்லா இருக்கு டெல்பின்.” சொல்லிவிட்டான். என் இடம் இதுதான். தொண்டையில் ஆங் வந்து உட்கார்ந்துவிட்டது, வாயைத் திறக்கப் போகிறேன், அக்கா அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள், ஒரே ஒரு கண்ணசைவு, இரு என்கிற மாதிரி. இறாலை வாயில் போட்டு மூடிக்கொண்டேன். அவன் கரண்டியைத் தானே எடுத்து இன்னும் ரெண்டு போட்டுக்கொள்கிறான். இன்னும் ரெண்டு. சோற்றில் மசாலாவை வழித்துப் பிசைகிறான். பிடித்திருக்கிறது இவனுக்கு! அன்றைக்கும் பிடித்திருக்கும். நாலு பேர் பார்த்ததால் துப்பினான். இந்த ஆளை என்ன செய்வது, அவன் வாய் நிறையச் சோற்றோடு, “சாப்ட்டுட்டுக் கிளம்பிரலாம். அம்மாவே சொல்லிட்டாங்க. பேக் ரெடியா?” என்கிறான். “ரெடி” என்றாள் அக்கா. நீலப் பையைத் தூக்கிவந்து அவன் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். “இவ்ளோ சின்ன பேக்கா?” இடது கையால் ஜிப்பை இழுத்தான். சட்டை. வெள்ளை, நீலம், கட்டம் போட்டது, கோடு போட்டது, ஒன்றன்மேல் ஒன்றாக, காலர் கத்தி மாதிரி. “இது என் சட்டைடி. உன் துணி எங்க?”

“ஆங்...”

நான் இல்லை. என் வாயில் இறால் இருந்தது, நான் இல்லை. அக்கா மேஜைமேல் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள், தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, முட்டி வலிக்கிறவள் ஒரு காலில் பாரம் போடுவது மாதிரி. “அதான் நான் சொல்றேன்ல, எட்டுக்குட்டி. பதினோரு சட்டை இருக்கு, எண்ணிக்கோ. இனிமே ஆட்டோ அனுப்பாத. அவ வரமாட்டா.” கரண்டியை எடுத்தாள், இன்னொரு இறாலை அவன் தட்டில் வைத்தாள். “சக்கரை போதுமா?” அவன் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது, மசாலா சொட்டி மாரத்தான்மேல் விழுந்தது. அவள் பக்கம் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான், முகம் முழுக்க அஞ்சாங்கிளாஸ். “ஏய் ஜூடி... நாலு மணிக்கு... அது நீதானா?” நானேதான், என் மூளை, என் திட்டம், என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தெருவில் பாதிப்பேர் குடியிருக்கிற வாய், ஒருத்தர் குரலும் வரவில்லை. நடுவில் ர் போடாதே. கடைசியில் இழுக்காதே. கோபம் வந்தால் எட்டுக்குட்டி. வியாழக்கிழமை மெட்ராஸ், யாரும் கேட்காமலே. மூணு பேருக்கு ஒரு கிலோ. உப்புக் காய்கிற ஊரில் காயாத சட்டை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள், உதடு துடித்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணி வர, மூச்சு வாங்க, சத்தமாக, தன் சொந்தக் குரலில். நம்பரைப் போட்டது நான். பேசினது அவள்.